பதினொரு நாள் பழக்கம்

ஹார்லனின் காப்பைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இருவருக்கும் பன்றிக்கறி ஆலையில் வேலை. தோள்பட்டை எலும்பை எடுக்கும் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்போம். எங்கள் ஊரிலிருந்து ஆலைக்கு நாற்பது நிமிடம். ஒன்பது வருடமாக என் வண்டியில்தான் போய் வருகிறோம். ஹார்லன் அதிகம் பேசமாட்டான். ரேடியோவில் சோள விலை ஓடும், அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

வலது மணிக்கட்டில் கறுப்பு அலுமினியக் காப்பு போட்டிருப்பான். 'கார்ப்பரல் டார்னெல் விக்ஸ், ரமாதி, இராக்' என்ற எழுத்தும் ஒரு தேதியும் அதில் வெட்டியிருக்கும். சண்டையில் செத்த கூட்டாளியின் பெயரைக் கையில் போட்டுத் திரிகிறவர்கள் எங்கள் அயோவா மாநிலத்தில் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ஹார்லனுடையது பதின்மூன்று வருடப் பழசு. சாயம் போய் ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டான் என்று, அவனை விட்டுப்போன பெண்டாட்டி ஒருமுறை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

மார்ச் மாதம் ஆலையில் புது விதி வந்தது. கம்பெனியின் வேறொரு ஆலையில் தயாரான சாசேஜ் பாக்கெட்டில் யாருடைய தோடோ கிடந்ததாம். கல்யாண மோதிரம் உட்பட இனி உடம்பில் ஒரு குண்டுமணி உலோகம் இருக்கக்கூடாது என்று ஷிப்ட் மேனேஜர் டாப்ஸ் அறிவித்தார். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே மோதிரத்தைக் கழற்றினார்கள். ஹார்லன் மட்டும் கழற்றவில்லை. எதிர்த்தும் பேசவில்லை. கையைத் தொங்கவிட்டபடி நின்றான், அவ்வளவுதான்.

"யோசிச்சு சொல்லு ஹார்லன்," என்றார் டாப்ஸ். "முடிவாகுற வரைக்கும் அட்டைப்பெட்டி மடிக்கிற எடத்துல இரு."

எனக்குக் கொதித்தது. அன்று வண்டியில் அவன் கண்ணயர்ந்திருந்தபோது, சிக்னலில் நின்று, அந்தக் கையைப் படமெடுத்தேன். 'செத்துப்போன நண்பனின் பெயரைக் கழற்றச் சொல்கிறது கம்பெனி' என்று எழுதிப் போட்டேன். மறுநாள் காலைக்குள் பதினோராயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள்.

அப்புறம் எல்லாம் கையை மீறிப்போனது. யூனியன் பிரதிநிதி ஜோலின் புகார் மனு எழுதினாள். டி.வி.க்காரர்கள் ஆலை வாசலில் நின்றார்கள். ஹார்லன் வீட்டு வாசலில் யாரோ ஆப்பிள் பலகாரம் வைத்துவிட்டுப் போனார்கள். பெட்ரோல் பங்க்கில் வியட்நாம் போன பெரியவர் ஒருவர், ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவனுக்கு சல்யூட் அடித்தார்.

"கோவமாடா என் மேல?" என்று இரண்டு வாரம் கழித்து ஒருநாள் வண்டியில் கேட்டேன்.

"கோவப்படத் தெம்பு இல்ல கஸ்."

"உனக்காகத்தானேடா எல்லாரும்..."

"தெரியும். பாக்கிறவன் எல்லாம் டார்னெல் எப்படிப்பட்டவன்னு கேக்கிறான். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கு." கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணோடே சொன்னான்: "அவன எனக்குப் பதினொரு நாள்தான்டா தெரியும்."

நான் வேகத்தைக் குறைத்தேன்.

டார்னெல் வேறு படைப்பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவன். வந்த பதினோராம் நாள் குண்டு வெடித்தது. ஹெலிகாப்டர் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதுவரை அவன் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தவன் ஹார்லன். அவனிடம் பேசிக்கொண்டே இரு என்று சொன்னார்களாம். என்ன பேசுவதென்று தெரியாமல், வீட்டில் நாய் இருக்கிறதா, என்ன கலர், சாப்பிட என்ன பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

மிசிசிப்பியில் இருக்கும் டார்னெலின் அம்மா ரோஸெட்டா, வருடா வருடம் அந்தத் தேதியில் ஹார்லனுக்குப் போன் செய்வாளாம். தனக்கொன்றும் அவனுக்கொன்றுமாகக் காப்பு செய்து அனுப்பியவள் அவள்தான். மகனைப் பற்றிச் சொல் என்பாள். பதினொரு நாளில் என்ன இருக்கிறது சொல்ல? முதல் வருடமே தீர்ந்துவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து அவனாகவே கட்டிச் சொல்ல ஆரம்பித்திருக்கிறான். டார்னெல் நன்றாகப் பாடுவான். மீன் பிடிக்கப் போவது பற்றியே பேசுவான். இப்படி.

"கழட்டுன்னு டாப்ஸ் சொன்னாரில்ல, அப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்றான் ஹார்லன். "அப்பாடான்னு இருந்துச்சுடா. நானா கழட்டினா பாவம். அவங்க கழட்ட வெச்சா என் தப்பு இல்ல. இன்னொரு தடவ சொல்லட்டும்னுதான் நின்னேன். அதுக்குள்ள நீ படம் எடுத்துட்ட."

 

இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து திரும்பும்போது போன் வந்தது. ஹார்லனின் போன் என் வண்டி ஸ்பீக்கரோடு இணைந்திருந்தது. அவன் பட்டனை அழுத்தியதும் ஒரு வயதான குரல் வண்டி முழுக்க நிறைந்தது.

"ஹார்லன், ரோஸெட்டா பேசறேன். என் தங்கச்சி மக போன்ல ஒரு கையக் காட்டினா. அதுல காப்பப் பாத்ததுமே நீதான்னு தெரிஞ்சுபோச்சு."

"அம்மா, பக்கத்துல ஃப்ரெண்டு இருக்கான். ஸ்பீக்கர்ல இருக்கீங்க."

"இருக்கட்டும், அவனும் கேக்கட்டும். எதுக்கு கண்ணு இத்தன ரகள? கழட்டச் சொன்னா கழட்டி வெச்சுட்டு வேலயப் பாரு."

ஹார்லனின் விரல் காப்பின் மேல் போனது.

"நான் என்னுதக் கழட்டி ரெண்டு வருஷம் ஆச்சு," என்றாள் அவள். "வாதத்துல கை வீங்குது. டாக்டர் வெட்டித்தான் எடுத்தாரு. சர்ச்சுல யாருக்கும் சொல்லல. முழுக்கைச் சட்ட போட்டு மறச்சிட்டிருக்கேன், இந்த வெயில்ல! நீ போட்டிருக்கியே, நான் கழட்டினது தெரிஞ்சா நீ என்ன நெனப்பியோன்னு இருந்துச்சு."

"நான் ஏம்மா நெனைக்கப் போறேன்..."

"இன்னொன்னும் சொல்லிடறேன். டார்னெல் நல்லாப் பாடுவான்னு சொன்னியே."

ஹார்லன் என்னைப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது.

"அவனுக்குப் பாட்டு சுத்தமா வராது கண்ணு. பாட்டு வாத்தியாரே, நீ வாய மட்டும் அசைச்சா போதும்னு சொல்லிட்டாரு. மீன் வாட கண்டா குமட்டும் அவனுக்கு. எனக்கு ரெண்டாம் வருஷமே தெரியும்."

"அப்ப ஏம்மா வருஷா வருஷம் கேட்டீங்க?"

"நீ சொல்றப்ப உனக்கு ஆறுதலா இருக்குன்னு நெனச்சேன்."

"உங்களுக்கு ஆறுதலா இருக்குன்னு நான் நெனச்சேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பா இருமலா என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஹார்லன் நெற்றியை ஜன்னல் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. வண்டியைப் பாதையோரம் நிறுத்தினேன். பக்கத்தில் உழுதுபோட்ட வயல், ஈர மண், ஒரு டிராக்டர். வேறொன்றும் இல்லை.

"அந்த நாய் விஷயம் மட்டும் நெசந்தாம்மா," என்றான் ஹார்லன். "பழுப்பு நாய்னு அவன்தான் சொன்னான்."

"பழுப்புதான்," என்றாள் அவள். "அது போதும் எனக்கு. நீ போய்த் தூங்கு ராசா."

மறுநாள் டாப்ஸ் எங்களை கேன்டீனுக்குக் கூப்பிட்டார். ஷிப்ட் மொத்தமும் நின்றிருந்தது. கம்பெனி மேலிடம் பணிந்துவிட்டது. ஹார்லன் மட்டும் காப்பின் மேல் நீலத் துணிப் பட்டை கட்டி வேலை செய்யலாம் என்று கடிதம். டாப்ஸ் வாசித்து முடித்ததும் கைதட்டல் அதிர்ந்தது. ஜோலின் மேஜையைத் தட்டினாள். ஹார்லனை முன்னால் தள்ளினார்கள்.

"எல்லாருக்கும் நன்றி," என்றான் அவன். "எனக்கு வேணாம். மோதிரத்த எல்லாருந்தான் கழட்டினீங்க. நானும் கழட்டறேன்."

காப்பின் திறந்த வாயை விரித்துப் பக்கவாட்டில் திருகினான். வராமல் கொஞ்சம் அடம்பிடித்தது. பிறகு வந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். யாரும் கைதட்டவில்லை.

"என்னப்பா இது?" ஜோலினின் குரல் உடைந்தது. "மூணு வாரமா நாயா அலைஞ்சிருக்கேன். உனக்கு வேணாம்னா மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும். தப்புதான்."

அவள் மனுக் கோப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அதன்பின் ஒரு மாதம் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சிலர் அவன் காதுபடவே 'கம்பெனி ஆள்' என்றார்கள். என் பதிவை நான் அழித்தேன். ஆனால் அந்தக் கை இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. போன வாரம்கூட யாரோ எனக்கே அனுப்பினார்கள்.

கேன்டீனிலிருந்து நேராக எலும்பு வரிசைக்குத் திரும்பினோம். கையுறை போடும்போது அவன் மணிக்கட்டைப் பார்த்தேன். காப்பு இருந்த இடத்தில் தோல் வெள்ளையாக, குழந்தையுடையதுபோல இருந்தது.

"குளுருதுடா அந்த எடத்துல," என்றான்.

பெல்ட் ஓடத் தொடங்கியது. முதல் தோள்பட்டை வந்தது. அவன் கத்தியை எடுத்தான்.