இன்னும் ரெண்டு வரிசை

பென்சிலின் மழுங்கிய முனையை நாற்றுத் தட்டின் அடி ஓட்டையில் வைத்து அவர் மெல்ல அழுத்தினார். தக்காளி நாற்று மண்ணும் வேருமாகக் கட்டைவிரல் அளவுக்கு வெளியே வந்தது. தண்டைத் தொடாமல் இலையைப் பிடித்துத் தூக்கினார். அப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று மனைவி நேற்று சொல்லிக்கொடுத்திருந்தாள், மூச்சு வாங்க வாங்க.

எழுபத்திரண்டு குழித் தட்டில் பாதி காலியாகியிருந்தது.

கொல்லைக் கதவு திறந்தே கிடந்தது. சமையலறைக்கு அப்பால் நடு அறையில் அவள் படுத்திருந்தாள். மூச்சு இழுக்கும் சத்தம் இங்கே வரை கேட்டது. இழுக்கும், நிற்கும், பிறகு எங்கிருந்தோ மறுபடி வரும். காலையில் வந்த நர்ஸ் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னிக்குப் பொழுது தாண்டறது கஷ்டம் சார். பக்கத்துலயே இருங்க" என்றாள். தலையாட்டிவிட்டு நாற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். பதினாலாவது மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபோதும் கை நடுங்கியதில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இருந்த இடைவெளியைத்தான் அவரால் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

தோட்டம் அவளுடையது. வருடா வருடம் விதை போட்ட கிண்ணங்கள் வீடு முழுக்க இருக்கும். "மனுஷன் கால் வைக்க எடமில்ல, கத்தரிக்காக்கு ராஜ உபசாரம்!" என்று அவற்றில் இடித்துக்கொள்ளும்போதெல்லாம் சொல்வார். இந்த வருடம் அவள் நர்சரிக்குப் போன் செய்து நாற்றாகவே அனுப்பச் சொன்னாள்.

"ஏன், விதை போடலயா?"

"இந்த வாட்டி நாத்தாவே இருக்கட்டுங்க. முளைக்கிற வரைக்கும் யாரு காத்துக்கிட்டு இருக்கறது?"

சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டார். டாக்டர் விஷயத்தைச் சொன்னது அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான்.

நேற்று அவளை நாற்காலியோடு தூக்கிவந்து கதவருகே உட்காரவைத்திருந்தார்கள். அவர் டேப் வைத்து அளந்து, கயிறு கட்டி, முதல் வரிசை நட்டதைப் பார்த்து, "லிஃப்டா மாட்டறீங்க? செடிங்க. கொஞ்சம் கோணலா இருந்தாலும் மேல வந்துரும்" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை.

மகள் கதவருகே வந்து நின்றாள். "அப்பா, உள்ள வாங்கப்பா."

"இன்னும் ரெண்டு வரிசைதான்."

"அத நான் அப்புறம் நட்டுக்கறேன். வாங்க."

"வெயில் ஏறிடும்மா. வாடிப்போனா அம்மா திட்டுவா."

மகள் ஒருமுறை வானத்தைப் பார்த்தாள். அது காலையிலிருந்தே மூடிக்கிடந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வரிசை முடிந்தது. இன்னொன்றும் நட்டார். ஒவ்வொரு நாற்றையும் சுற்றி மண்ணை மறுபடி விரலால் அழுத்தினார். பூவாளியில் தண்ணீர் பிடித்து ஊற்றினார். காலித் தட்டைக் கழுவிச் சுவரில் சாய்த்துவைத்தார். அப்போதுதான் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்பது உறைத்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

அவர் குனிந்தபடியே இருந்தார். மகளின் கால்கள் கொல்லைப் படிக்கு வந்தன.

"எப்போ?"

"இப்பதான். கதவுப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தாங்கப்பா."

"ஏதாவது கேட்டாளா?"

"பேச்சு எங்கப்பா இருந்துச்சு."

உள்ளே போய் நெற்றியைத் தொடக் கை நீட்டினார். விரலெல்லாம் சேறு. கையை இழுத்துக்கொண்டார். கழுவிவிட்டு வருவதற்குள் பக்கத்து வீட்டம்மா அவள் கண்களை மூடி, போர்வையைச் சரிசெய்திருந்தாள்.

மதியம் ஸ்ட்ரெச்சரோடு நாலு பேர் வந்தார்கள். முன்வாசல் நடை ஒடுக்கமானது, நடுவில் ஒரு திருப்பம் வேறு. அவர் ஒரே பார்வையில் அளந்துவிட்டார். "இதுல திரும்பாது" என்று சொல்லிக் கொல்லைக் கதவைக் காட்டினார்.

முன்னால் பிடித்திருந்தவன் படியில் தயங்கினான். "ஐயா, இப்பதான் நட்டிருக்கீங்க போல. ஒதுங்கிப் போகவும் எடமில்லயே."

"பரவாயில்ல. நீங்க அவள அலுங்காம தூக்குங்க."

ஈர மண்ணில் எட்டுக் கால்கள் இறங்கின. நாற்றுகள் ஒடியும் சத்தம்கூட வரவில்லை. பின்னால் போக அவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. அவர்கள் மிதித்த இடங்களிலேயே மிதித்து நடந்தார்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மனைவியின் அண்ணன் ரயிலில் வந்து இறங்கியிருந்தார். அழுது ஓய்ந்து, இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாலதான் வர முடியாமப் போச்சு மாப்ள. கடைசி நேரத்துல நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல?"

சமையலறை மேடையில் மகள் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இருந்தேன் மச்சான்" என்றார்.

"அது போதும். அவளுக்கு அது போதும்."

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவின் கோப்பையில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினாள். கரைந்த பிறகும் கலக்கிக்கொண்டே இருந்தாள்.