ராஜாவுக்கு உள்ள பரிவட்டம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. மீசை வைத்துக்கொண்ட ஒருத்தியின் கதை சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் போகலாம்.

மலையாளக் கரையில், தம்பானூர் ஹோட்டல் ஒன்றின் பின்கட்டில் பிச்சைக்கனி பரோட்டா வீசிக்கொண்டிருந்தான். புருவம் மெலிசாக மழித்திருந்தது. அங்குள்ள தமிழ்க் காலனியின் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் போடும் நாடகத்தில் ராணி வேஷம் அவனுக்கு. ராஜா, அவனுக்கு அண்ணன் முறையான கொத்தனார் பால்பாண்டி. நாடகம் முடிந்ததும் ராஜா தலையில் அம்மன் உடுத்திய பட்டைப் பரிவட்டமாகக் கட்டுவார்கள். ராணிக்கு ஒன்றும் கிடையாது.

இந்தத் தடவை கொடைக்கு முந்தின நாள் பால்பாண்டி சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. அவன் மனைவி இசக்கிசெல்வி அதே கட்டடத்தில் கல் சுமக்கிறவள். ஒத்திகையில் புருஷனுக்கு வசனம் எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

“ராஜா வேஷம் நான் கெட்டுதேன். ஆனா அம்மன் பரிவட்டம் என் தலையிலயும் ஒரு தடவ ஏறணும்” என்றாள்.

“மொதல்ல நடி. பொறவு பாப்போம்” என்றார் கோயில் தலைவர் செல்வகணேஷ் மேஸ்திரி.

பத்து மணிக்கு மைக்கை நிறுத்தச் சொல்லிப் போலீஸ் உத்தரவு. விளக்கு வைக்கும் நேரத்திலேயே வேஷம் போட உட்கார்ந்தார்கள்.

“கொழுந்தப்பிள்ளே, எனக்கே சேலையில இம்புட்டு நறுவிசா மடிப்பு வராது வே” என்றாள் இசக்கிசெல்வி.

“சிரிக்காதீங்க மைனி, மீசை சரியுது.”

குற்றம் செய்த மகனுக்கு ராஜா தண்டனை விதிக்கிற கட்டம். ராணி காலில் விழுந்து கெஞ்ச வேண்டும். எத்தனையோ வருஷம் கூட்டத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே விழுந்தவன்தான் பிச்சைக்கனி.

“அரண்மனைக்கு ஒரு நியாயம், குடிசைக்கு ஒரு நியாயமோ?”

கலவை மெஷின் இரைச்சலுக்கு மேலாக மூன்றாம் மாடிக்குக் கேட்கக் கத்திப் பழகிய இசக்கிசெல்வியின் குரல். பிச்சைக்கனி இந்தத் தடவை கூட்டத்தைப் பார்க்காமலே விழுந்தான். சிமெண்ட் அரித்த அந்தக் குதிகால்களைப் பிடித்தபோது, இது மைனி என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. நிஜமாகவே அழுதான்.

டீக்கடை ஓமனா வாய்க்குக் கொண்டுபோன கடலையை அப்படியே பிடித்திருந்தாள். “எந்தொரு ராஜாவு, என்டெ அம்மே!” என்று மலையாளத்தில் வியந்தாள்.

“எங்க வீட்டு ராஜாலே!” மாவுக்கட்டோடு நாற்காலியில் இருந்த பால்பாண்டி விசிலடித்தான்.

நாடகம் முடிந்ததும் செல்வகணேஷ் அம்மன் பட்டோடு மேடை ஏறினார். இசக்கிசெல்வி கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலை குனிந்தாள். அவர் அவளைத் தாண்டிப் பிச்சைக்கனியிடம் வந்தார்.

“குனிலே.”

“அண்ணாச்சி, ராஜா மைனில்லா? நான் ராணி.”

“பொம்பள தலையில பரிவட்டம் ஏறுன வழக்கம் இல்ல. ராஜா ராணி ரெண்டு பேருல ஆம்பள நீதான். குனி, மைக்க நிறுத்தப் போறாவ.”

அவன் குனிந்தான். சவுரியும் பூவும் இடித்து, முடிச்சு விழவில்லை. மீசையைக் கழற்றாமலே இசக்கிசெல்வி அருகில் வந்தாள். கிரீடத்தைக் கீழே வைத்துவிட்டு, ராணியின் பின்னலை மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பட்டு அவன் தலையில் ஏறியது. கீழே பெண்கள் குலவையிட்டார்கள்.

உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா. அங்கே பிறக்கிற பெண்பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுசும் நிமிர்ந்த தலையும் வாய்க்கட்டும்.