முப்பத்திரண்டு கம்பிச் சக்கரம்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவளை சைக்கிள் கிளப்பில் எல்லோரும் கிரேன்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் வாட்டசாட்டம். எதிரே வருகிறவன் தானாகவே ஒதுங்கி வழிவிடுவான். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களில் மேட்டில் கடைசியாக ஏறுவாள், இறக்கத்தில் எல்லோரையும் எட்டிப் பிடித்துவிடுவாள். போன பந்தயத்தில் அந்த இறக்கமே வினையாகிவிட்டது. வளைவில் பின்சக்கரத்தின் கம்பி ஒன்று படாரென்று அறுந்தது. சக்கரம் கோணிக்கொண்டு பிரேக்கில் உரச, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மீதித் தூரத்தை நடந்தே வந்தாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் சைக்கிள் கடைக்குப் போனாள். கடைக்காரர்தான் கிளப்புக்கும் தலைவர். எல்லோருடைய சட்டை முதுகிலும் அவர் கடைப் பெயர்தான் எழுதியிருக்கும். அவள் தங்கச்சி ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள். அவளும் பந்தயக்காரி, ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு, மேட்டில் எப்போதும் முதல் ஆள். அவளுக்காக ஒரு புதுக் கார்பன் சக்கரத்தைக் கடைக்காரர் ஒற்றை விரலில் மாட்டிச் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஒரு ஜோடி வேணும். கம்பி அறுந்துபோகாத மாதிரி," என்றாள் கிரேன்காரி.

அவர் சுழற்றுவதை நிறுத்தவில்லை. "சக்கரத்துல கோளாறு இல்லம்மா. இதே சக்கரத்துலதான் கிளப்பே ஓட்டுது. ஒரு பத்து கிலோ இறக்கிட்டு வா, உன்னையும் தாங்கும்."

தங்கச்சி களுக்கென்று சிரித்துவிட்டாள். கடைக்காரர் சொன்னது காதோடு போயிற்று. அந்தச் சிரிப்புதான் நெஞ்சில் போய்த் தைத்தது.

"நான் தினமும் கண்டெய்னர் தூக்கறவ. கயிறு தாங்கலேன்னா கயிறை மாத்துவோம். கண்டெய்னரைப் பாத்து இளைச்சுட்டு வான்னு யாரும் சொல்றதில்ல. கம்பி அதிகமா இருக்கற சக்கரம் வரவழைச்சுத் தர முடியுமா, முடியாதா?"

"அதெல்லாம் மூட்டை ஏத்தற சைக்கிளுக்குப் போடறது. நம்ம கிளப் ஆளு அதுல வந்தா என் மானம் என்ன ஆகறது?"

"உங்க மானத்தை நீங்களே பத்திரமா வெச்சுக்குங்க," என்று படியிறங்கிவிட்டாள்.

இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடை இருந்தது. அங்கே இருந்த பெண் எடுத்த எடுப்பில், "எடை எவ்வளவு?" என்று கேட்டாள்.

"தொண்ணூத்தாறு," என்றாள் கிரேன்காரி, சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு.

அந்தப் பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அப்ப முப்பத்திரண்டு கம்பி போடலாம். அலுமினிய ரிம், நல்ல அகலமா. டயரும் கொஞ்சம் தடியா. மேட்டுல கனம் தெரியும், பரவாயில்லையா?"

"மேட்டுல நான் எப்படியும் கடைசிதான்," என்றாள் கிரேன்காரி. சண்டை போட ஆள் கிடைக்காமல் போனதில் அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த பந்தயத்தன்று கோட்டருகே வந்து நின்றதுமே, "லாரி வந்திடுச்சு, வழி விடுங்க," என்று யாரோ குரல் கொடுத்தார்கள். தங்கச்சி பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள். "இதைப் போட்டுக்கிட்டுதான் வரணுமா அக்கா? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கத்தானே வந்திருக்காங்க."

மேட்டில் நாக்குத் தள்ளிவிட்டது. உச்சிக்கு வந்தபோது முன்னால் போன கூட்டம் கண்ணிலேயே இல்லை. இறக்கத்தில் பழைய வளைவு வந்ததும் விரல்கள் தாமாகவே பிரேக்கைத் தேடின. 'சும்மா இரு' என்று கையை அதட்டிவிட்டுச் சைக்கிளைச் சாய்த்தாள். சக்கரம் முனகக்கூட இல்லை. அது பாட்டுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

சமதளச் சாலையில் கூட்டத்தைப் பிடித்தாள். மூஞ்சியில் அறைகிற எதிர்காற்று. அவள் மூச்சு வாங்குவதற்குள் அத்தனை பேரும் அவள் முதுகுக்குப் பின்னால் வரிசையாக ஒண்டிக்கொண்டார்கள். முன்னால் போகிறவள் காற்றைக் கிழிக்க வேண்டும், பின்னால் இருப்பவர்களுக்குப் பாதி உழைப்புதான்; அதனால் ஆளுக்குக் கொஞ்ச தூரம் முறை மாற்றிக்கொள்வது வழக்கம். முழங்கையை ஆட்டிக் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. மறுபடி ஆட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் இழு அக்கா," என்று பின்னாலிருந்து தங்கச்சி குரல் வந்தது. "கடைசியில விரட்ட எனக்குத் தெம்பு வேணும்."

சாலையோரம் நின்ற கடைக்காரரும் கத்தினார். "அப்படித்தான்! தங்கச்சியைக் கொண்டுபோய்ச் சேர்த்துடு!"

அவ்வளவுதான். கிரேன்காரி மிதிப்பதை நிறுத்தினாள். நிமிர்ந்து உட்கார்ந்து, பாட்டிலை எடுத்து நிதானமாகக் குடித்தாள். பின்னால் எல்லோரும் அலறிக்கொண்டு பிரேக் போட்டார்கள்.

"என்ன பண்றே?"

"தண்ணி குடிக்கறேன்."

"ஓட்டு அக்கா!"

"ரோடு அகலமாத்தானே இருக்கு? நீ முன்னாடி போ."

யாரும் போகவில்லை. பந்தயம் காய்கறி வாங்கப் போகிற வேகத்துக்கு வந்துவிட்டது. "சுயநலம் பிடிச்சவ!" என்று கடைக்காரர் குதித்தார். அவள் பாட்டிலைத் தூக்கி அவருக்கு ஆட்டிக் காட்டினாள்.

அந்த நேரத்தில்தான், மேட்டில் கூட்டத்தை விட்டு, இறக்கத்தில் அவளிடமும் பின்தங்கிப்போன வேறு கிளப்புக்காரிகள் இரண்டு பேர் முறை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்து வந்தார்கள். டயர் சத்தம் காதில் விழுந்ததுமே கிரேன்காரி எழுந்து நின்று மிதித்தாள். கனத்த சக்கரம் வேகம் பிடிக்கச் சற்று நேரம் எடுத்தது, பிடித்தபின் விடவில்லை. அவர்களோடு ஒட்டிக்கொண்டாள், தன் முறை வந்தபோதெல்லாம் ஏமாற்றாமல் முன்னால் போனாள். துரத்தப்போவது யார் என்று பின்னால் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டார்கள்.

இரண்டில் ஒருத்தி ஒரு சக்கர நீளத்தில் அவளை முந்தினாள். கிரேன்காரி இரண்டாவது. தங்கச்சி ஆறாவது.

"நான் ஜெயிச்சிருப்பேன்," என்றாள் தங்கச்சி, கண்ணில் நீர் கட்டிக்கொண்டு. "சொந்த அக்காவே கவுத்துட்டே."

"ஜெயிச்சிருப்பே. என் முதுகுக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு. அன்னிக்குக் கடையில சொந்த அக்காவைப் பாத்துதானே சிரிச்சே?"

தங்கச்சி மன்னிப்பு கேட்கவில்லை. தன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை நீட்டினாள். கிரேன்காரி வாங்கிக் குடித்தாள்.

கடைக்காரர் பல்லெல்லாம் தெரிய வந்தார், கையில் ஃபோனோடு. "ஒரு போட்டோ. கடையில மாட்டணும். சக்கரம் வேணாம், மூஞ்சி மட்டும் போதும்."

அவள் சைக்கிளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நேராக நின்றாள்.

"முழுசா எடுங்க. சக்கரமும் வரணும், வயிறும் வரணும். எதையாவது வெட்டினீங்க, கடைக்கே வந்து கிழிச்சுப் போட்டுடுவேன்."

எல்லாம் படத்துக்குள் அடங்குவதற்காக அவர் ஃபோனைப் பிடித்தபடியே பின்னால் நகர்ந்துகொண்டு போனார்.