நூற்று முப்பத்தேழு சத்தங்கள்

அக்கா, நீ தூங்கியிருப்பாய். எழுந்ததும் இதைப் படி. படித்த கையோடு அம்மாவுக்கு போன் போடாதே. அப்பாவுக்குப் போடவே போடாதே.

அப்பாவின் பெட்டியை நான் அழித்துவிட்டேன்.

நீ வேலைக்குப் போன மறுவாரமே அப்பா தன் பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயரை மாமாவிடம் தள்ளிவிட்டார் அல்லவா? இடுப்பு வலிக்காக என்று உன்னிடம் சொன்னார்கள். பாதி உண்மை. மூன்றாவது மாடியிலிருந்து அந்த நாற்பது கிலோவை இறக்கி ஏற்றியதில் அவர் இடுப்பு போனது நிஜம்தான். மீதிப் பாதி, யாரோ ஒருத்தன் வீடியோவில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, உலகத்தில் உள்ள எல்லா ஆம்பும், சத்தத்தை மாற்றும் எல்லாக் கால் பெடலும் இதற்குள் இருக்கிறது என்றான். அப்பா ஆம்பைக் கொடுத்தார், பதினொரு பெடலையும் கொடுத்தார், பெட்டியை வாங்கினார்.

வாங்கியதிலிருந்து அவர் கிட்டார் வாசிக்கவில்லை. பெட்டியோடு உட்கார்ந்து, தன் பழைய ஆம்பின் சத்தத்தை அதற்குள் தேடிக்கொண்டிருந்தார். அந்த ஆம்பின் ஸ்பீக்கர் காகிதம் ஓரத்தில் கிழிந்திருக்குமே, ஓங்கி அடித்தால் கரகர என்று இருமுமே, அந்த இருமலுக்காக மூன்று மாதம். கிழியாத ஸ்பீக்கரைக் கிழிந்த மாதிரி ஆக்க ஒருவர் ராத்திரி பகலாக உழைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"முன்னாடி எருமையைச் சுமந்துக்கிட்டு அலைஞ்சாரு. இப்ப டிபன் பாக்ஸை முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. முன்னாடியே தேவல, வீட்டை விட்டாவது வெளிய போனாரு," என்றாள் அம்மா.

ஒவ்வொரு முயற்சியையும் ஒரு பெயர் வைத்துச் சேமித்தார். பெயர்களை டைரியிலும் எழுதினார். 'தனிமை.' 'தனிமை 2.' 'தனிமை 2 புதுசு.' 'தனிமை கடைசி.' 'தனிமை உண்மையிலேயே கடைசி.' 'மழை மாலை.' இப்படி மொத்தம் நூற்று முப்பத்தேழு.

இதற்கிடையில் அவர் வாசிக்கும் பாட்டு பேண்டில் அவர் நாற்காலியே ஆட ஆரம்பித்தது. போன வாரம் ஒரு ஹோட்டல் நிகழ்ச்சியில், பாட்டுக்குச் சரியான 'தனிமை' எது என்று அப்பா பெட்டியில் தேடித் தேடி, கண்டுபிடித்து நிமிர்ந்தபோது பாட்டு முடிந்துவிட்டது. கிட்டார் வர வேண்டிய இடத்தை, பேண்டை நடத்தும் கீபோர்டு அங்கிள் கீபோர்டிலேயே வாசித்திருந்தார். கேட்டவர்கள் கை தட்டினார்கள்.

"என் கீபோர்டுல இருபத்தேழாம் நம்பர் அழுத்துனா கிட்டார் வருது தலைவரே. அதுக்கு வேன்ல சீட்டு வேண்டாம், சாப்பாடு வேண்டாம். சனிக்கிழமை கம்பெனி விழாவுல இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க," என்றாராம். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமை அப்பா என்னைக் கூப்பிட்டு, "சின்னது, இது அப்டேட் கேக்குது. பாத்து பண்ணிக் குடு," என்று பெட்டியைக் கொடுத்தார். நானும் பார்த்துத்தான் செய்தேன். பேக்கப் எடுக்கவா என்று அது கேட்டது. எனக்குப் பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்தது. 'தவிர்' என்று அழுத்தினேன். பத்து நிமிஷம் கழித்துப் பெட்டி புத்தம் புதிதாகக் கண் விழித்தது. நூற்று முப்பத்தேழும் 'காலி', 'காலி', 'காலி'.

சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தேன். அப்போதும் காலிதான்.

அப்டேட்டுக்கு மூன்று நாள் ஆகும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நம்பினார். டிஜிட்டல் என்றால் எதையும் நம்புவார்.

அந்தப் பெட்டிக்கு ஒரு வித்தை தெரியும். நிஜ ஆம்போடு இணைத்து, முன்னால் ஒரு மைக் வைத்தால், விசித்திரமாகச் சில சத்தங்களை ஆம்புக்குள் அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்டு, அந்த ஆம்பை அப்படியே காப்பி அடித்துக்கொள்ளும். அப்பாவுக்கும் இது தெரியும். ஆனால் காப்பி அடிப்பது சோம்பேறிகளின் வேலையாம்.

செவ்வாய்க்கிழமை டியூஷனுக்குப் போகாமல், பெட்டி, கிட்டார், மைக் மூன்றையும் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். ஆம்ப் ஹாலில் இருந்தது. அதன் தலையில் டிவி இருந்தது.

"உங்கப்பா கண்ணு கலங்கி ஒப்படைச்சுட்டுப் போனாரு. அருமையான ஐட்டம். டிவிக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு," என்றார் மாமா.

"மாமா, யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன். மேட்ச் ஆரம்பிக்கிறதுக்குள்ள டிவிய ஏத்தி வெச்சிடணும், அவ்வளவுதான்."

இருவரும் டிவியை இறக்கினோம். ஆம்புக்குள் இருக்கும் கண்ணாடி வால்வுகள் சூடாகும் வரை காத்திருந்தோம். பெட்டி ஆம்புக்குள் பேய் மாதிரி ஊளையிட்டது, மாமி உள்ளேயிருந்து "யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஓடி வந்தாள். ஏழே நிமிஷம். கிட்டாரை இணைத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். பெட்டி இருமியது. மூன்று மாத இருமல், ஏழு நிமிஷத்தில்.

ஆனால் ஒன்றுதான் இருக்கிறது, வேண்டியது நூற்று முப்பத்தேழு. அதனால் அந்த ஒன்றையே நூற்று முப்பத்தேழு இடத்திலும் ஒட்டினேன். டைரியைத் திருடிப் பெயர்களை வரிசையாகத் தட்டினேன். 'தனிமை உண்மையிலேயே கடைசி' வரும்போது எனக்கு அழுகை வந்தது.

இன்று சாயங்காலம் கீபோர்டு அங்கிளின் கார் ஷெட்டில் ரிகர்சல். நானும் போனேன். பயத்தில் வீட்டில் இருக்க முடியவில்லை. அப்பா பெட்டியைத் திறந்தார், பெயர்களைப் பார்த்தார், தந்திகளைச் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்ததற்குப் போனார். அதே தட்டு.

"இது 'மழை மாலை'. கேட்டீங்களா? ஓரத்துல ஒரு ஈரம் இருக்கு."

கீபோர்டு அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு, "ம்ம். முன்னதை விட இது வட்டமா இருக்கு," என்றார்.

"இது 'தனிமை 2'."

"இது கொஞ்சம் சதுரம். ஆனா பரவாயில்ல."

டிரம்ஸ் அண்ணன் தலையைச் சொறிந்தார். "எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது."

இருவரும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "அடிச்சு அடிச்சு உனக்குக் காது போச்சுடா," என்றார் கீபோர்டு அங்கிள். அப்பாவும் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு இருபத்திரண்டு பாட்டும் வாசித்தார்கள். அப்பா எதையும் தேடவில்லை. எத்தனை மாதமாயிற்று அவர் இப்படி வாசித்து! இருபத்தேழாம் நம்பரை அங்கிள் தொடவே இல்லை.

பிழைத்தேன் என்று நினைத்தேன், அக்கா.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அப்பா என் அறைக்கு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சின்னது, நல்ல காது டாக்டர் யாராவது இருக்காங்களான்னு நெட்ல பாரேன்."

"யாருக்குப்பா?"

"எனக்குத்தான். நூத்தி முப்பத்தேழும் போட்டுப் பாத்துட்டேன். எல்லாம் ஒண்ணாவே கேக்குது."

"ஷெட்ல ஈரம் இருக்குன்னு சொன்னீங்களே?"

"வேற என்னத்தச் சொல்றது? கீபோர்டுக்காரன் பாத்துக்கிட்டே இருக்கான். அவனுக்கு வட்டம் சதுரம் எல்லாம் கேக்குது, எனக்கு ஒண்ணுமே கேக்கல." குரலை இன்னும் தாழ்த்தினார். "அம்மாகிட்ட சொல்லாத. காலையில அவனுக்கு போன் பண்ணி, இனிமே நான் வரலன்னு சொல்லிடப் போறேன். காது இல்லாதவனுக்கு பேண்டுல என்ன வேலை?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். எழுந்து போய்விட்டார். ஹாலில் இன்னும் விளக்கு எரிகிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருக்கிறார். சொன்னால் என்னைக் கொன்றுவிடுவார். சொல்லாவிட்டால் காலையில் அந்த போனைப் போட்டுவிடுவார். நீ ஏன் இப்படித் தூங்குகிறாய்?

சரி, போகிறேன்.

*

போய் வந்துவிட்டேன்.

அவர் எதிரில் நின்று ஒரே மூச்சில் சொன்னேன். "அப்பா, உங்க காது நல்லாத்தான் இருக்கு. எல்லாமே ஒண்ணுதான். நான்தான் ஒட்டினேன்." பிறகு அப்டேட், மாமா வீடு, டிவி, டைரி, எல்லாம்.

அப்பா ஹெட்போனைக் கழற்றினார். "மூணு மாசம்," என்றார். "பேக்கப் எடுக்கவான்னு அது கேக்கலையா?"

"கேட்டுச்சுப்பா."

"நீ என்ன சொன்ன?"

"தவிர்."

அறை விழப்போகிறது என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி, "அப்ப அவனுக்கு வட்டமா கேட்டுதே?" என்றார்.

"சதுரமாவும் கேட்டுது."

அப்பாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அம்மா எழுந்துவிடுவாள் என்று தலையணையை எடுத்து வாயில் அமுக்கிக்கொண்டு சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று ஒரு கட்டத்தில் எனக்குத் தெரியவில்லை. ஒருவழியாக ஓய்ந்து, கண்ணைத் துடைத்து, "இத அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத. சனிக்கிழமை நான் வாசிக்கணும்," என்றார்.

ஹெட்போனின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்துவிட்டு, ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். இருமியது. "அதேதான்," என்றார்.

இருவரும் உட்கார்ந்து நூற்று முப்பத்தாறையும் அழித்தோம். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். "இது போதும். இனிமே பெட்டிக்குள்ள எதையும் மாத்தவே மாட்டேன், வாசிக்கிறதோட சரி," என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

நான் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் பட்டியலில் மூன்று இருந்தன, அக்கா. கடைசியாகச் சேர்ந்ததன் பெயர் 'தனிமை, கொஞ்சம் பேஸ் கூட்டினது.'

மூன்றுக்கும் பேக்கப் எடுத்துவிட்டுத்தான் படுக்க வந்திருக்கிறேன்.