அஞ்செட்டி வலம்புரி

எண்பத்தாறாம் வருஷத்து ஓசூர் பொருட்காட்சியில், கிருஷ்ணகிரிக் கல்லூரியின் விலங்கியல் துறைக்குக் கிடைத்த இடம் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் இருந்தது. முகப்பு முழுவதும் தொழிற்பேட்டைக் கம்பெனிகள். பிஸ்டனுக்கு ரோஜா மாலை போட்டு, பேரிங்குக்குச் சந்தனம் வைத்து, பக்கத்தில் டை கட்டிய ஒருவரையும் நிறுத்தியிருந்தார்கள். ஜெனரேட்டர் பக்கத்தில் டை கட்டியவர்கள் யாருமில்லை. தாஹிரா இருந்தாள், அவளுடைய நத்தைகள் இருந்தன.

தாஹிரா சிங்காரப்பேட்டைக்காரி, பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. மற்றப் பெண்கள் தவளையை அறுத்துப் பெயர் வாங்கிக்கொண்டிருந்த நாளில் இவள் நத்தை பொறுக்கப் போனாள். அணைக்கரையில் கிடைத்த பருத்த நத்தை, ஆற்று மணலில் புதைந்திருந்த மட்டி, கிணற்றுப் பாசியில் ஜாங்கிரிபோலச் சுருண்டு கிடந்த குட்டி, ஓடே இல்லாமல் மானத்தோடு ஊர்ந்துகொண்டிருந்த ஒன்று என்று எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக வைத்திருந்தாள். நடுநாயகமாகக் கண்ணாடித் தொட்டியில், முட்டைக்கோஸ் இலைமேல், அஞ்செட்டியிலிருந்து வந்த நத்தை.

அஞ்செட்டிக்குப் பஸ் அபூர்வம். அந்த அபூர்வ பஸ்ஸில் அவள் கொண்டுவந்த பிஸ்கட் டின்னின் மூடி வழியில் கழன்றுவிட்டது. ஒரு நத்தை கண்டக்டரின் பை மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. டிக்கெட் கேட்கவா, இறக்கிவிடவா என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்து, கடைசியில் எல்லாவற்றையும் ஜன்னல் வழியே இறக்கிவிட்டார். தாவணி மடிப்பில் ஒளிந்த ஒன்றும், டின்னின் அடியில் கிடந்த அதே ஜாதிக் காலி ஓடு ஒன்றும் மட்டும் ஓசூர் வந்து சேர்ந்தன.

அது ஏன் நடுநாயகம் என்றால், உலகத்து நத்தைகளில் பெரும்பாலானவை ஒரு பக்கம் சுருளும். இது மறுபக்கம் சுருளும். தாஹிரா அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாள்: வலம்புரி நத்தை.

துறைத்தலைவர் கோவிந்தப்பன் சார் வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"ஏம்மா, புஸ்தகத்துல இடதுன்னுதானே போட்டிருக்கான்? இடம்புரின்னு எழுது."

"புஸ்தகக்காரன் உச்சியை மேல வச்சுப் பாக்கறான் சார். வாய் இடப்பக்கம் வருது. நம்ம ஆளுங்க சங்கைத் தலைகீழாப் புடிச்சுதானே வலம்புரின்னு பேர் வச்சாங்க. அதே மாதிரி இதையும் புடிங்க, வாய் வலப்பக்கம் வரும். தமிழ்ல இது வலம்புரிதான் சார்."

சார் அந்தக் காலி ஓட்டை எடுத்து நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், தானும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நடுவர் பெங்களூர்லருந்து வராங்க. புஸ்தகம் படிச்சவங்க. சாயங்காலத்துக்குள்ள மாத்திடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

தாஹிரா மாற்றவில்லை. முதல்முறையாகத் தான் கண்டுபிடித்துத் தானே பெயர் சொன்ன ஒரு பொருள் ஊர் பார்க்க நிற்கிறது. அதன் பெயரை அதன் எதிரிலேயே மாற்றி எழுத அவளுக்கு மனம் வரவில்லை.

பதினோரு மணிக்கெல்லாம் வேறு வினை வந்தது. வலம்புரி என்ற சொல் பந்தல் முழுக்கப் பரவிவிட்டது. பிஸ்டனைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு இந்தப் பக்கம் வந்தது. ஒரு அம்மாள் தொட்டிக்குக் குங்குமம் வைத்தாள். நத்தை கொம்பை நீட்டியதும், "உத்தரவு குடுத்துடுச்சு" என்றாள். டை கட்டியவர்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பின்னாலேயே கங்கப்பன் வந்தார். பந்தல் போட்டுக் கொடுத்த காண்ட்ராக்டர். ஜெனரேட்டரும் அவருடையதே, அதனால் அது நிற்கும்போதெல்லாம் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். கூடவே அவருடைய ஜீப் டிரைவர் வெங்கடப்பன்.

"சென்னம்மா சொன்னா, வலம்புரி வந்திருக்குதுன்னு" என்றார் கங்கப்பன். சென்னம்மா அவர் மனைவி. "புது ஆபீஸ் கட்றேன். பூஜை ரூம்ல வைக்கணும். சாரு, எடுத்துக்கறேன்."

கோவிந்தப்பன் சார் பந்தலை அண்ணாந்து பார்த்தார். அது பெரிய பந்தல். "தாராளமா எடுத்துக்கோங்க" என்றார்.

தாஹிரா தொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நடுவர் இன்னும் வரவில்லை. இது போய்விட்டால் மேஜையில் மிச்சம் இருப்பது மட்டியும் ஜாங்கிரியும்தான். இடம்புரி என்று சொன்னால் இந்த ஆள் அப்போதே போய்விடுவார். அட்டையில் இரண்டு எழுத்தை மாற்றினாலே போதும். அவள் கை அட்டைவரை போயிற்று. திரும்பி வந்துவிட்டது.

"எடுத்துக்கோங்கண்ணா, வலம்புரிதான்" என்றாள். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். சங்குல வலம்புரி லட்சத்துல ஒண்ணு. இது அப்பிடி இல்ல. இந்த ஜாதியே வலம்புரிதான். அப்பன், பாட்டன், குஞ்சு குளுவான் எல்லாம். அஞ்செட்டிப் பக்கம் மழை பேஞ்சா சுவரெல்லாம் ஊரும். நான் பாத்தது அத்தனையும் வலம்புரி."

கங்கப்பன் மெதுவாக டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். "டேய், உங்க ஊருதானேடா அது?"

"ஆமாங்க. பசவன ஹுளுன்னு கன்னடத்துல சொல்லுவோம். கொம்பு இருக்குதில்லீங்களா, நந்தியாட்டம். எங்க மாட்டுக் கொட்டாய்ல நெறைய இருக்குங்க."

"மாட்டுக் கொட்டாய்லயா?"

"கக்கூஸ் சுவத்துலயும் இருக்குங்க."

கங்கப்பன் தன் பூஜை அறையை ஒருமுறை மனதில் பார்த்திருக்க வேண்டும். டிரைவர் வீட்டுக் கக்கூஸ் சுவரில் தினமும் கிடைக்கும் அதிர்ஷ்டம் தனக்கு எதற்கு என்பது போலத் துண்டை உதறிக்கொண்டு நடந்தார். கூட்டமும் செருப்பைத் தேடிக்கொண்டு பிஸ்டனிடம் திரும்பியது. குங்குமம் வைத்த அம்மாள் மட்டும், வைத்ததைத் துடைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

வெங்கடப்பன் மட்டும் போகவில்லை.

"ஏம்மா, நெஜமாவா? எங்க ஊர்ல எல்லாமே வலம்புரியா?"

"எல்லாமே அண்ணா."

"ஓசூர்ல?"

"நான் தேடின வரைக்கும் இல்ல."

அவர் ஜீப் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தார். அஞ்செட்டி என்றாலே, 'அங்க கரண்டு இருக்குதா' என்று கேட்கும் ஓசூரில் பத்து வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். மத்தியான பஸ்ஸில் வந்த அஞ்செட்டிக்காரர்களுக்குச் சேதி போயிற்று. நாலு மணிக்கு மேஜையைச் சுற்றி ஒரு சின்ன அஞ்செட்டி நின்றது. வெங்கடப்பன் வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினார்: "தலைகீழாப் புடிச்சுப் பாக்கணும். அதான் முறை."

கோவிந்தப்பன் சார் தன் கைப்பட எழுதிய புது அட்டையோடு வந்தார். இடம்புரி நத்தை.

"இன்னா சார் இது?" என்றாள் பாப்பம்மா. வெங்கடப்பனின் அக்கா, தலையில் புளி மூட்டையை இறக்காமலே பேசினாள். "இத்தன நாளா எங்க ஊர்ல பஸ் இல்லன்னீங்க, கேட்டுக்கினோம். இப்ப இடதுன்னு வேற எழுதறீங்களா?"

சார் கூட்டத்தைப் பார்த்தார். அட்டையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நடுவரம்மா அந்த நேரம் வந்தாள். பட்டுப்புடவை, கையில் பேனா. அட்டையைப் படித்துப் புருவத்தைத் தூக்கினாள். தாஹிரா காலி ஓட்டை உச்சி மேலாகப் பிடித்தாள். பிறகு சங்குபோல உச்சி கீழாகத் திருப்பிப் பிடித்தாள். நடுவரம்மா தானே ஓட்டை வாங்கி இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "கரெக்ட். தமிழ்ல வலம்புரிதான்" என்றாள். ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறி அஞ்செட்டி கைதட்டியது.

"நீ எந்த ஊரும்மா?" என்று கேட்டாள் நடுவரம்மா.

தாஹிரா வாயைத் திறப்பதற்குள் வெங்கடப்பன் சொன்னார்: "அஞ்செட்டிங்க."

சிங்காரப்பேட்டைக்காரி அதைத் திருத்தவில்லை.