ஆடிக் காற்றில் ஒரு டெஸ்ட் ரைடு

"மைலேஜெல்லாம் தாராளமா குடுக்கும் சார்" என்று பாண்டியராஜன் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். மைலேஜ் கேட்டது நான்.

உத்தமபாளையத்தில் பழைய பைக்குகளை வாங்கி விற்கும் கடை அவருடையது. நானும் இவரும் உள்ளே வந்ததிலிருந்து இதே கதைதான். கேள்வி நான் கேட்பேன், பதில் இவருக்குப் போகும். யார் ஓட்டப் போவது என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவராவது சொல்லியிருக்கலாம். சார் என்று கூப்பிட்ட சந்தோஷத்தில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

வண்டி எனக்குத்தான். தேவாரத்துப் பக்கம் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது என் வேலை. பாதி தூரம் வழவழவென்று தார் ரோடு. மீதி, மலையடிவாரத்துத் தோட்டங்களுக்குப் போகும் கல்லும் ஓடையும். என் ஸ்கூட்டி ஓடையைப் பார்த்தாலே படுத்துவிடும். அப்புறம் நைட்ரஜன் கேனைத் தூக்கிக்கொண்டு நான் நடக்க வேண்டும். கேன் சாய்ந்தால் நைட்ரஜன் கொட்டி, உள்ளே இருக்கும் விந்துக் குச்சி மொத்தமும் வீண். நடந்து போய்ச் சேர்வதற்குள் மாட்டுக்குப் பருவம் தப்பிவிடும். இப்படியே ஒவ்வொரு வீடாகப் பால்பாண்டியிடம் போய்க்கொண்டிருந்தது. அவனும் ஊசி போடுகிறவன்தான், அவனிடம் பைக் இருக்கிறது. என் கை அவன் கையைவிட நல்ல கை. அதைச் சொல்லி என்ன பிரயோசனம்?

தார் ரோட்டுக்கும் ஓடைக்கும் ஒரே வண்டி, அதுவும் என் கையிலிருக்கும் காசுக்கு. அந்தக் கடையில் இரண்டுதான் தேறின. ஒன்று சிவப்பு. ஒல்லியாக, உயரமாக, கொக்குமாதிரி நின்றது. இன்னொன்று கறுப்பு. கனமான வண்டி, தாழ்ந்த சீட்டு, டேங்கில் ஒரு ஒடுக்கு, பார்க்க லட்சணமே கிடையாது.

இவர் சிவப்பின் பக்கத்திலிருந்து நகரவே இல்லை. "ஜோதி, இதுதான் அட்வென்ச்சர் பைக்கு. ஞாயித்துக்கிழமை மேகமலைக்குப் போனா எப்பிடி இருக்கும்!"

"எனக்குக் கால் எட்டலங்க."

"பழகப் பழக எட்டிரும்."

கால் வளருமா? எனக்கு முப்பத்தாறு வயது.

"கோம்பை ரோட்டுல ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன்" என்றேன். வெளியே காற்று கடைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ஆடி மாதம். எங்கள் பக்கத்தில் ஆடிக் காற்று ஆளையே தள்ளும், காற்றாலைக்காரர்கள் சும்மாவா இங்கே வந்தார்கள்?

பாண்டியராஜன் சிரித்தார். "இந்தக் காத்துல ஓட்டிப் பாத்து என்னத்தம்மா தெரியும்? ஆடியில யாரும் வண்டி எடுக்க மாட்டாக. நானும் குடுக்க மாட்டேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் கடையத்தான் சொல்லுவாக. அட்வான்ஸ் போட்டு வைங்க, ஆவணியில காத்தும் அடங்கிரும், ஓட்டிப் பாத்து எடுத்துக்கலாம்."

எங்கள் அத்தையும் காலையில் இதைத்தான் சொல்லி அனுப்பினார்கள். ஊரே இப்படித்தான். காற்று நின்ற பிறகு ஆவணியில் ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டியது, அடுத்த ஆடியில் புளியமரத்தில் கொண்டுபோய் முட்ட வேண்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாடு ஆவணி வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமாண்ணே?"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. தேவாரத்துக்கு மேலே தோட்டத்தில் குடியிருக்கும் சந்தனம்மாள். "ஜோதி, நேத்துச் சாயங்காலத்துல இருந்து மாடு கத்துது. மத்தியானத்துக்குள்ள வந்துருவியா? ரெண்டு தடவ தப்பிப் போச்சு. இந்தத் தடவையும் பிந்துச்சுன்னா பால்பாண்டியக் கூப்பிட்டுக்கிறேன், கோவிச்சுக்காத தாயி."

கோபம் எப்படி வராமல் இருக்கும்? கோபம் அவள்மேல் இல்லை, அவ்வளவுதான்.

ஸ்கூட்டியைக் கடை வாசலில் விட்டு, அதன் ஆர்சி புக்கைப் பாண்டியராஜனின் மேசையில் வைத்தேன். அட்வான்ஸையும் வைத்தேன். "டெஸ்ட் ரைடுண்ணே. ரெண்டு சாவியும் குடுங்க." அட்வான்ஸைப் பார்த்த பிறகு அவரால் மறுக்க முடியவில்லை.

ஸ்கூட்டியிலிருந்த நைட்ரஜன் கேனை எடுத்துச் சிவப்பின் பின்னால் கட்டி நான் ஏறினேன். அவ்வளவு சொல்கிறார்களே, அதையும்தான் பார்த்துவிடுவோம் என்று ஒரு வீம்பு. இவர் முனகிக்கொண்டே கறுப்பில் வந்தார்.

ஊருக்குள் இருக்கும்வரை சிவப்பு பறந்தது. இரண்டு பக்கமும் கட்டடம் இருந்தால் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். கோம்பையைத் தாண்டி வெட்டவெளி வந்ததும் இடதுபக்கமிருந்து காற்று அடித்தது. வண்டி ரோட்டின் நடுவுக்குப் போனது. எதிரே தேங்காய் லாரி. ஒடித்து ஓரத்துக்கு வந்து பிரேக்கைப் பிடித்தேன். காலை ஊன்றினால் தரை இல்லை, வெறும் பெருவிரல்தான் தொட்டது. வண்டி சாய்ந்தது. ரோட்டோர மைல்கல்லில் முழங்காலை முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். முட்டி கிழிந்தது. கேன் சாயவில்லை. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

பின்னால் இவர் கறுப்பில் ஆடாமல் அசையாமல் வந்து நின்றார்.

"எறங்குங்க" என்றேன்.

"ஏன்?"

"உங்க அட்வென்ச்சர நீங்களே ஓட்டுங்க. எறங்குங்க."

என் முட்டியில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தவர் இறங்கிவந்து சிவப்பைப் பிடித்துக்கொண்டார். கேனை மாற்றிக் கட்டினேன். கறுப்பில் உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. அந்த நிமிஷமே அது என் வண்டி.

பண்ணைப்புரம் தாண்டினேன், தேவாரமும் தாண்டினேன். காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது, வண்டி கொஞ்சம் முனகியதே தவிர விலகவில்லை. ஓடையில் ஒரு தடவை அடிப்பக்கம் கல்லில் உரசியது. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். ஏறிவிட்டது. சந்தனம்மாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பால்பாண்டிக்கு அடிக்கத்தான்.

ஊசி போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது இவர் வந்து சேர்ந்தார், சிவப்பைத் தள்ளிக்கொண்டு. தலையெல்லாம் செம்மண். ஒரு பக்கக் கண்ணாடியைக் காணோம்.

"ஆவணியில காத்து இருக்காது" என்றார். பாவம், அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

நான் பாண்டியராஜனுக்கு போன் போட்டேன். "அண்ணே, கறுப்பு வண்டி எனக்கு. செவப்புக்குக் கண்ணாடிக் காச சேத்துக்கங்க."

"அதான் சொன்னேனேம்மா, ஆடியில வண்டி குடுக்க மாட்டேன்."

"நீங்க எங்கண்ணே குடுத்தீக? ஆவணி ஒண்ணு வரைக்கும் டெஸ்ட் ரைடுதான் போய்க்கிட்டு இருக்கேன். அன்னைக்கு வந்து மாலை போட்டு எடுத்துக்கிறேன்."

"சார்கிட்டப் போனக் குடும்மா" என்றார்.

என் ரத்தம் கொதித்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு இவர் முன்னால் நீட்டினேன்.

"சார், நீங்க என்ன சொல்றீக?"

இவர் தலையிலிருந்த மண்ணைத் தட்டினார். கறுப்பைப் பார்த்தார், என் முட்டியைப் பார்த்தார்.

"என்னைய ஏங்க கேக்குறீக? ஓட்டுறது அவ. அவளக் கேளுங்க."