மூன்றாம் வரிசையில் ஒரு கேட்ச்

“பேஸ்போல் எண்டிறது கிரிக்கெட்டின்ர ஒண்டுவிட்ட தம்பி, மச்சான்” என்று ரெய்னர்ஸ் லேனில் ரயிலேறும்போது விளக்கத் தொடங்கிய ஆனந்தராஜா, ஸ்ட்ராட்ஃபோர்ட் மைதானத்தின் மூன்றாம் வரிசையில் வந்து உட்கார்ந்த பிறகும் ஓயவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர் மனைவி துசியந்தியின் அண்ணன் பாஸ்கரன். ரொறொன்ரோவிலிருந்து வந்திறங்கிய நாள்முதல் லண்டனில் வீடு சின்னது, ரோட்டு சின்னது, ஃப்ரிட்ஜ் அதைவிடச் சின்னது என்று சொல்லிவருபவர். பேஸ்போலைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று முந்தாநாள் அவர் கேட்டுவைத்ததால்தான் இந்தப் பயணம். அவருக்கு முன்னால் ஒரு பகலாவது தலைநிமிர்ந்து உட்கார, ஆனந்தராஜா யூடியூபில் விதிகளை உருப்போட்டு வந்திருந்தார்.

கூட வந்திருந்த அவருடைய இரட்டைக் குழந்தைகளுக்கு இரண்டு வயது. நவநீத் தன் மீன் ரோல்ஸை முன்வரிசைக்காரர் கழற்றி வைத்திருந்த தொப்பிக்குள் பத்திரப்படுத்திவிட்டுத் தூங்கிப்போனான். மஹதி மட்டும் தாய் துசியந்தியின் மடியிலிருந்து பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கனடாவில நாங்கள் ஒரு மட்ச்சும் விடுறேல்லை” என்றார் பாஸ்கரன். எந்த அணி துடுப்பெடுத்தாடுகிறது என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

அப்போதுதான் அது வந்தது. மட்டையின் ஓரத்தில் பட்டு, கோட்டுக்கு வெளியே வளைந்து, நேராக மூன்றாம் வரிசைக்கு. பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணியில் எந்நாளும் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் சுமந்த ஆனந்தராஜா எழுந்தார். ஒற்றைக் கையால் பிடித்தார். அரங்கமே ஆர்ப்பரித்தது. அவர் பந்தைச் சட்டையில் துடைத்து, வேலியோரம் நின்ற வீரரிடம் அழகாகத் திருப்பி எறிந்தார்.

ஆர்ப்பரிப்பு ஒரு நீண்ட “ஓ…”வாக இறங்கிற்று.

“சோக்கான எறி, மச்சான்!” என்று கைதட்டியவர் பாஸ்கரன் ஒருவர்தான்.

“பிடிச்ச ஆள் பந்தை வீட்டை கொண்டுபோகலாமாம். தொடக்கத்திலயே அந்தப் பெரிய திரையில போட்டவங்கள்” என்றாள் துசியந்தி. “நீங்கள் ரெண்டுபேரும் கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள்.”

பாஸ்கரனின் கைதட்டல் பாதியில் நின்றது. ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ர பந்து!” என்று வீரிட்டாள் மஹதி. அப்பா எறிந்ததைப் பார்த்தவள்தானே; காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றி, அதே பக்கம், அதே வீச்சில் எறிந்தாள்.

அது வேலியைத் தாண்டி விழுந்தது. அந்த வீரர் குனிந்து எடுத்தார். உள்ளங்கையளவு ரோஸ் நிறச் சப்பாத்து. கூட்டத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, திருப்பி எறியக் கையை ஓங்கினார்.

ஆனந்தராஜா எழுந்து நின்றார். இந்தமுறை இரண்டு கைகளையும் விரித்தார்.

“இதையும் திருப்பி எறிஞ்சுபோடாதேங்கோ” என்றாள் துசியந்தி.

வீரர் எறிந்தார். திறந்த பட்டி படபடக்க, சப்பாத்து வெயிலுக்குள் உயர்ந்து வந்துகொண்டிருந்தது. கீழே மஹதியும் தன் இரண்டு கைகளையும் விரித்திருந்தாள்.